குட்டி சரி, தாய் எங்கே?

"முப்பது நாள் குட்டி சார். லேப்ரடார். ஹெவி போன், நல்ல கனமான எலும்பு. பூச்சி மருந்து குடுத்தாச்சு. பேப்பர் இல்ல, அதனாலதான் இந்த ரேட்டு. அட்வான்ஸ் போடுங்க, நைட்டு பஸ்ல ஏத்தி விடறேன்."

நாய்க்குட்டி வாங்க நினைத்த எவருடைய கைபேசியிலும் இப்படி ஒரு குரல் செய்தி இருக்கும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இந்தக் குரலை நம்பிப் பணம் அனுப்பியது. காலையில் ஆம்னி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் குட்டியை வாங்கி வந்தார்கள். மூன்றாம் நாள் அது சாப்பிடவில்லை. நான்காம் நாள் வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு. ஆறாம் நாள் இல்லை. விற்றவரைக் கேட்டபோது, "உங்க வீட்டுல என்ன குடுத்தீங்களோ" என்றார். அதோடு அந்த எண் எடுக்கப்படவில்லை.

இதில் யார் பொய் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க நாள் கணக்கு தெரிந்தால் போதும். குட்டியைக் கொன்றது பார்வோ என்ற வைரஸ் நோய். வைரஸ் உடம்புக்குள் புகுந்து நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே படுத்துவிட்டது என்றால், பெரும்பாலும் பெட்டியில் ஏறும் முன்பே நோய் ஏறிவிட்டது என்று பொருள். அந்த வைரஸ் மண்ணிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஓர் ஈத்து குட்டி செத்த இடத்தில் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அடுத்த ஈத்தை வைத்தால் அதுவும் படுக்கும். விற்பவருக்கு இது தெரியாமல் இல்லை. முப்பதாம் நாளே குட்டியைக் கைமாற்ற அவசரப்படுவதற்கு இது ஒரு காரணம். குட்டி செத்தாலும் அது வாங்கியவர் வீட்டில்தான் சாகும், நஷ்டமும் அவருடையது.

சட்டம் முப்பது நாளை ஒப்புக்கொள்வதில்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் கொண்டு வந்தது. 8 வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகும் முன் இணை சேர்க்கக் கூடாது, 8 வயதுக்கு மேலும் கூடாது. வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. படித்துப் பார்த்தால் இந்த விதிகளில் பெரும்பகுதி குட்டியைப் பற்றியது அல்ல, தாயைப் பற்றியது என்பது புரியும். நாம் நாய் வாங்கும்போது கேட்கும் கேள்விகளோ என்ன இனம், என்ன விலை, ஆணா பெண்ணா என்ற மூன்றும்தான். தாய் எங்கே என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் வீட்டுக்குள் நாய் வந்து சேரும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசமே இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே தேவை இருக்கவில்லை. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டுக்கு நாய் வந்த கதை இதுதான்: பக்கத்துத் தெருவில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று தெரிந்ததும் மாமா போய், "ஒரு கடுவனை எனக்கு வைய்யி" என்று சொல்லி வைத்துவிடுவார். கண் திறந்து, ஓடியாடி, கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் மஞ்சப்பையில் போட்டுத் தூக்கி வருவார். அதற்கு முன் ஒரு பரிசோதனை உண்டு. நகத்தை எண்ணுவார்கள். கழுத்துத் தோலையோ காதையோ பிடித்துத் தூக்கி, கத்தாமல் இருக்கும் குட்டியே ரோஷமுள்ளது என்று முடிவு செய்வார்கள். நகத்துக்கும் காவலுக்கும் சம்பந்தமில்லை, காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. ஆனால் அந்தப் பரிசோதனை நடக்கும்போது தாய் நாய் இரண்டு அடி தள்ளி நின்று உறுமிக்கொண்டிருக்கும். அது எப்படிப்பட்டது, யாரைக் கடித்தது, போன ஈத்துக் குட்டிகள் யார் வீட்டில் எப்படி இருக்கின்றன என்று ஊருக்கே தெரியும். பணம் கைமாறாது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொண்டுபோய் விடலாம்.

அந்த முறைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ஊரில் எல்லாருக்கும் கடுவன்தான் வேண்டும். மிஞ்சிய பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில், சந்தைப்பேட்டையில், கறிக்கடை ஓரத்தில் விட்டுவிட்டு வருவார்கள். "அங்க கிடந்தா எப்படியும் பொழச்சிக்கும்" என்பது சமாதானம். பிழைத்தவை ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வந்தன. இன்று நகரத்துத் தெருக்களில் நாய் பெருகிவிட்டது என்று புலம்பும்போது இந்தச் சாக்குமூட்டைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணம் கொடுத்து நாய் வாங்கும் வழக்கம் நடுத்தர வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது, அந்த வெள்ளைச் சடை நாயோடு. பொமரேனியன் என்று நாம் எல்லோரும் சொன்ன அது உண்மையில் இண்டியன் ஸ்பிட்ஸ். வெளிநாட்டு நாயை எளிதாக இறக்குமதி செய்ய முடியாத காலத்தில் இங்கேயே பெருகி, நம் வெயிலுக்குப் பழகிய இனம். 1980களிலும் 90களிலும் ரயில்வே குவார்ட்டர்ஸில், வங்கி ஊழியர் வீட்டில், கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று போர்டு மாட்டிய எந்த வீட்டிலும் கத்தியது அதுதான். பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஒரு பக் நாய் நடந்து போனது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் பெயரே "ஹட்ச் நாய்" ஆகிவிட்டது. கடைக்குப் போய் அப்படிக் கேட்டுத்தான் வாங்கினார்கள். தட்டை மூக்கோடு பிறக்கும் அந்த நாய்க்கு மூச்சுவிடுவதே பாடு. நாய் வியர்த்து உடம்பைக் குளிர்விப்பதில்லை, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கும் தொண்டையும் குறுகியதற்கு அதுவும் முழுதாக வாய்க்காது. அதைச் சென்னை மே மாதத்தில் மூன்றாம் மாடியில் வைத்து வளர்த்தோம். அதன் பின் சைபீரியன் ஹஸ்கி வந்தது. பனிவண்டி இழுக்கப் பிறந்த நாய்க்கு இங்கே ஏசி ரூம்.

வணிக இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2016இல் தடுத்தது. ஆனால் அதற்குள் இங்கே இருந்த சில நாய்களை வைத்தே குட்டி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை என்று ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, பிரெஞ்ச் புல்டாக் உட்பட 11 இனங்களைப் பட்டியலிட்டது. கென்னல் வட்டாரங்களில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது, விவகாரம் நீதிமன்றப் படியேறியது. சட்டச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டியலின் பின்னால் உள்ள கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இப்போது விற்பவர்களைப் பார்ப்போம். "பிரீடர்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு மனிதர்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

முதலாமவர் நாய்க் கண்காட்சிக்குப் போகிறவர். ஊட்டியில் மே மாதம் நடக்கும் காட்சியிலோ சென்னைக் காட்சியிலோ வளையத்துக்குள் நாயோடு ஓடுவார். ஓர் இனம், இரண்டு இனம், அதற்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார். ஈத்து எடுப்பதற்கு முன்பே குட்டிகளுக்கு ஆள் சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் குட்டி கேட்டால் அவர் உங்களை விசாரிப்பார்: சொந்த வீடா வாடகையா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், முன்னால் நாய் வளர்த்தது உண்டா, அது என்ன ஆயிற்று. கோபம் வரும். ஆனால் அப்படிக் கேட்கிறவரிடம்தான் நம்பி வாங்கலாம். தாய் அவர் வீட்டு வராந்தாவிலேயே படுத்திருக்கும்.

இரண்டாமவர் நம்மைப் போன்றவர். வீட்டில் ஒரு லேப் பெட்டை இருக்கிறது. "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் நாய்க்கு நல்லது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மருத்துவத்தில் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தெரிந்தவரின் கடுவனோடு மேட்டிங் விடுகிறார்கள். கூலியாகப் பணமோ, பிறக்கும் குட்டிகளில் பிடித்த ஒன்றோ. சுமார் 63 நாளில் எட்டுக் குட்டி. நாற்பது நாள் ஆனதும் வீடே நாறி, மாமியார் சத்தம் போட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் ஏறுகிறது. இவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. தாயையும் பார்க்கலாம். ஆனால் அந்தக் கடுவனின் இடுப்பு மூட்டை யாரும் எக்ஸ்ரே எடுத்திருக்க மாட்டார்கள். லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களில் இடுப்பு மூட்டு நழுவல் பரம்பரையாக வரும். குட்டி துள்ளிக்கொண்டிருக்கும்போது தெரியாது. நாய் வளர்ந்து படியேற மறுக்கும் நாளில்தான் தெரியும்.

மூன்றாமவர் விற்பனையாளர். அவரிடம் எல்லா இனமும் கிடைக்கும். இன்று ராட்வைலர் கேட்டாலும் ஷிட்ஸு கேட்டாலும் "ரெடியா இருக்கு" என்பார். உண்மையில் அவர் வீட்டில் ஒரு நாய்கூடக் குட்டி போட்டிருக்காது. பல இடங்களிலிருந்து சேகரித்து, கமிஷன் வைத்துக் கைமாற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை பிராட்வேயிலும், கொல்கத்தா கேலிஃப் தெருவிலும் கூடும் செல்லப்பிராணிச் சந்தைகளில் கூடைக்குள் இருந்த குட்டிகள் இன்று கைபேசிக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் குட்டிகளின் தாய்கள் எங்கோ ஒரு தகரக் கொட்டகையில், வெளிச்சம் படாத கூண்டில், பருவத்துக்குப் பருவம் ஈன்றுகொண்டிருக்கின்றன. "தாயைப் பார்க்கணும்" என்று கேளுங்கள். "அது தோட்டத்துல இருக்கு சார்", "குட்டி போட்ட டைம், கடிக்கும்", "வீடியோ அனுப்பறேன்" என்று மூன்று பதில்தான் வரும். வரும் வீடியோவில் இருப்பது எந்த நாயோ.

கடைகளுக்கும் 2018இல் தனி விதிகள் வந்துவிட்டன. பதிவு, இட வசதி, பதிவேடு எல்லாம் கட்டாயம். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி தூங்கும் கடைக்குப் போனால் பதிவுச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒரு தடவை சுவரைப் பாருங்கள்.

பேப்பர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரத்தில் பாதி அதைச் சுற்றித்தான். கென்னல் கிளப் ஆஃப் இண்டியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அது தரும் சான்றிதழ் ஒரு வம்சாவளிப் பதிவு: இந்தக் குட்டியின் தாய் இது, தந்தை இது, அவற்றின் முன்னோர் இவை. உடல்நலச் சான்றிதழ் அல்ல. நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்து எடுத்த நோஞ்சான் குட்டிக்கும் பேப்பர் உண்டு. ஆனாலும் அதில் தாயின் பெயர் எழுதியிருக்கும், அந்த அளவுக்கு அது பயன். "வித் பேப்பர் ஒரு ரேட், வித்தவுட் ஒரு ரேட்" என்று ஒரே குட்டிக்கு இரண்டு விலை சொல்கிறவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

முப்பது நாள் விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இதில் வாங்குகிறவர் பங்கும் இருக்கிறது. "சின்னதா இருக்கும்போதே எடுத்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உண்மை தலைகீழ். நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை குட்டி கற்றுக்கொள்ளும் முக்கியப் பாடம் பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்பது. உடன்பிறந்ததைக் கடித்தால் அது வீறிட்டு விளையாட்டை நிறுத்தும். தாயைக் கடித்தால் தாய் ஓர் அதட்டு அதட்டும். அந்த வகுப்பிலிருந்து பாதியில் தூக்கிவந்த குட்டிதான் ஆறு மாதத்தில் குழந்தையின் கையைக் கிழிக்கிறது, "இது ஏன் இவ்ளோ கடிக்குது" என்று நாமும் கேட்கிறோம். தடுப்பூசியிலும் இதே கணக்கு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடம்பில் இருக்கும் வரை போடும் ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "ஒரு டோஸ் போட்டாச்சு சார்" என்றால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாதத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் குட்டியின் பல் பட்டாலும், "குட்டிதானே" என்று விடாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தெற்கே போனால் கதை வேறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. முதல் மூன்றும் விருதுநகர், தூத்துக்குடி, மதுரைக் கரிசல் சுற்று வட்டாரம். கோம்பை தேனி மாவட்டத்து ஊர். இந்த நாய்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவதில் பாதி அவை எங்கிருந்து வந்தன என்பதுதான். ஆனால் அவை எப்படிக் கைமாறின என்பது அதைவிடச் சுவாரசியம். கன்னி என்ற பெயருக்குக் காரணமாக அந்தப் பக்கத்தில் சொல்வது, பெண்ணுக்குக் கல்யாணச் சீராக அந்த நாயைக் கொடுத்து அனுப்பினார்கள் என்பது. நாயை விற்க மாட்டார்கள். கேட்டு நடந்து, வாக்குக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்: வேறு யாருக்கும் விற்கக் கூடாது, வேண்டாமென்றால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும். இன்று தத்துக்கொடுக்கும் அமைப்புகள் எழுதி வாங்கும் ஒப்பந்தத்தின் முக்கிய வரி இதேதான். நம் தாத்தாக்கள் பேப்பர் இல்லாமல் அதைச் செய்தார்கள்.

இந்த நாய்களின் தொழில் முயல் வேட்டை. 1972இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தொழில் குற்றமாயிற்று. வேலை போன நாயை ஏன் வளர்ப்பது? எண்ணிக்கை சரிந்தது. அரசு ஒரு முயற்சி செய்தது: 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நாட்டு நாய் இனப்பெருக்க நிலையம் ஒன்றைத் தொடங்கியது. விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தால் குறைந்த விலைக்கு அரசுக் குட்டி கிடைக்கும். ஆனால் அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றி விலங்குநல ஆர்வலர்கள் நீதிமன்றம் போக, 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலையத்தை மூடச் சொன்னது. அடுத்த சில மாதங்களில், 2017 ஜனவரியில், மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். நாட்டு மாடு பற்றிய உணர்ச்சி நாட்டு நாய் மீதும் பாய்ந்தது. சைதாப்பேட்டை மூடப்பட்டதும் வெளிநாட்டுச் சதி என்று ஃபார்வர்டுகள் பறந்தன. இடத்தைச் சீர்செய்து நடத்தியிருக்கலாமே என்று கேட்டவர்கள் குரல் இரண்டு பக்கத்துக்கும் கேட்கவில்லை. கர்நாடகத்தில் பாகல்கோட் மாவட்டத்தில் முதோல் நாய்க்கென அரசு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்னார். சில வாரங்களில் எல்லோருக்கும் நாட்டு நாய் வேண்டும். மவுசு ஏறினால் என்ன நடக்கும் என்பதைத்தான் பக் நாயில் பார்த்தோமே. ராஜபாளையத்தில் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்பதே அழகின் இலக்கணம். அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. உடம்புக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேலை செய்பவை. நிறம் முழுக்கப் போகும்போது சில குட்டிகளுக்குக் காது கேட்காமல் போகிறது. டால்மேஷன் நாயிலும் இதே சிக்கல். சில குடும்பங்களிடம் மட்டும் இருந்த சில நாய்களிலிருந்தே திரும்பத் திரும்பக் குட்டி எடுக்கும்போது இது கூடும். ராஜபாளையம் குட்டி பார்க்கப் போகிறவர்கள் குட்டிக்குப் பின்னால் நின்று, அது பார்க்காதபோது ஒரு கைதட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். அப்படியே தாயின் பெயரையும் கூப்பிட்டுப் பாருங்கள்.

நாட்டு நாய் என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சிப்பிப்பாறையும் நாட்டு நாய், டீக்கடை வாசலில் படுத்திருப்பதும் நாட்டு நாய். ஒன்றுக்கு 2005இல் அஞ்சல்தலை வெளியிட்டார்கள் (ராஜபாளையத்தைச் சொல்கிறேன்), மற்றதைப் பிடிக்க வண்டி அனுப்புகிறார்கள். "ஜாதி நாயா, தெரு நாயா?" என்று கூச்சமில்லாமல் கேட்கிறோம். வெள்ளைக்காரர்கள் இந்தியத் தெருநாய்க்கு வைத்த "பரையா டாக்" என்ற பெயர் தமிழ்நாட்டின் ஒரு சாதிப் பெயரை இழிவாக எடுத்தாண்டது. அது நாய் நூல்களில் ஏறி உலகம் சுற்றியது. இப்போது "இண்டி" என்று சொல்ல ஆரம்பித்திருப்பது நல்ல மாற்றம், நாகரிகத்துக்காகச் சொன்னாலும்கூட.

இண்டி வீட்டுக்குள் வரும் வழி தத்து. சென்னையில் இதற்கு நீண்ட வரலாறு. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் ஆஃப் இண்டியா, அடையாறில் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் என்று பழைய பெயர்கள் உண்டு. இந்திய விலங்குநல வாரியமே 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கி, 2018 வரை சென்னையிலிருந்துதான் இயங்கியது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையை 1996இல் மாநகராட்சி ஏற்றதும் இங்கேதான். தேசிய அளவில் அது விதியானது 2001இல், புதுப்பிக்கப்பட்டது 2023இல்.

ஆனால் இன்று தத்தின் பெரும்பகுதி அமைப்புகளின் காப்பகங்களில் நடப்பதில்லை. காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. நடத்துவது தனி மனிதர்கள், பெரும்பாலும் பெண்கள். வேலைக்குப் போகும் வழியில் சாக்கடையில் கிடந்த நான்கு குட்டிகளைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்து, பால்கனியில் வைத்து, சொந்தக் காசில் ஊசி போட்டு, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, ஆள் தேடுகிறவர்கள். வீட்டு உரிமையாளரிடம் திட்டு வாங்குகிறவர்கள். கேட்டு வருகிறவர்களை வீடு வந்து பார்த்து, மொட்டைமாடியில் கட்டிப்போடுவார்களா, காரை மாற்றுவதுபோல மாற்றுவார்களா என்று துருவுகிறார்கள். "இலவசமாத் தர்ற தெருநாய்க்கு இவ்வளவு கேள்வியா" என்று பலர் கோபித்துக்கொண்டு, எந்தக் கேள்வியும் கேட்காத பஸ் பார்சல்காரரிடம் போய்விடுகிறார்கள். இப்படி நாய்களை மீட்கிறவர்களில் சிலர் அளவுக்கு மீறிக் கெடுபிடி செய்கிறார்கள் என்பதும் உண்மை. தனியாக வாழ்கிறவருக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் கதவைச் சாத்திவிட்டால் குட்டி யாரிடம்தான் போகும்?

தத்துப் பட்டியலில் கடைசிவரை மிஞ்சுவது பெட்டைக் குட்டிதான். ஆச்சி ஊரில் சாக்கில் போனதும் அதுதான். கருத்தடை ஒன்று செய்துவிட்டால் வீட்டுக்கு ஆணும் பெண்ணும் ஒன்றே என்று எத்தனை முறை சொன்னாலும், "பொட்ட வேணாங்க" என்ற பதில் மாறுவதில்லை.

தத்துக்கு வருவது இண்டி மட்டும் என்று நினைக்க வேண்டாம். மேம்பாலத்துக்குக் கீழே, சுங்கச்சாவடி ஓரத்தில் ஜாதி நாய்கள் விடப்படுகின்றன. அதிகம் கிடைப்பவை எவை என்று பார்த்தால் முந்தைய சில ஆண்டுகளின் மோகம் தெரியும். காரணங்களும் தெரிந்தவைதான்: வெளிநாட்டில் வேலை, குழந்தை பிறந்தது, தோல் நோய், வயதாகிவிட்டது. கொட்டகையில் ஐந்தாறு ஈத்து போட்டு ஓய்ந்த பெட்டைகளும் அவற்றில் உண்டு. தொங்கிய மடியோடு, வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு நிற்கும். மேலே தேடிய தாய்களில் ஒன்றை நேரில் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் பார்க்கலாம். வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், அச்சுப்பிழை இல்லை.

இந்தப் பின்னணியில்தான் அரசின் கெடுபிடிகளையும் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வைலர், பிட்புல் உட்பட 23 வகை நாய்களின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது; கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறின. 2025 இறுதியில் சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி கெடு வைத்தது. நல்லதுதான். ஆனால் உரிமம் சொல்வது நாய் யார் வீட்டில் இருக்கிறது என்பதை. அது எந்தக் கொட்டகையிலிருந்து வந்தது என்று தேடிப் போகிற ஆய்வாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. கொட்டகையில் பிறந்து, முப்பது நாளில் பிரிந்து, சங்கிலியில் வளர்ந்த காவல் நாய் கடிக்கும்போது மட்டும் இனத்தின் பெயர் செய்தியாகிறது.

தெரு நாய் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதும், 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறி கொண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் நினைவிருக்கும். அந்த இரண்டாவது உத்தரவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: விலங்கு ஆர்வலர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்து தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். தத்து ஒன்றே இதற்குத் தீர்வு என்று சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. கருத்தடைதான் வழி. தத்து அந்தந்தக் குட்டிக்கான வழி.

எங்கள் தெருவில் பஸ் பார்சல் குட்டியை இழந்த அந்தக் குடும்பம் ஓராண்டு நாய் பேச்சே எடுக்கவில்லை. பிறகு தெருமுனை மருந்துக்கடைப் படிக்கட்டின் கீழ் ஒரு செவலைப் பெட்டை ஐந்து குட்டி போட்டது. இரண்டு லாரியில் அடிபட்டன. ஒன்றை மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார், ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. மிஞ்சியதை, பெட்டைதான், இரண்டு மாதம் ஆனதும் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அதற்குக் கழுத்துப்பட்டை, மைக்ரோசிப், சோபாவில் ஒரு மூலை. தாயை மாநகராட்சி வண்டி பிடித்துப்போய் கருத்தடை செய்து கொண்டுவந்து விட்டது; இடது காது நுனியில் ஒரு வெட்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் அது அந்த வீட்டுக் கேட்டருகே வந்து கம்பி வழியே மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். உள்ளேயிருந்து மகள், இது என் தெரு, என் வீடு என்று தாயைப் பார்த்துக் குரைத்துத் தள்ளும்.